இந்த வேலை போனால் அடுத்தது எங்கே?

ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான மாணவர்கள் படிக்க வந்து, படிப்பு முடிந்த மாதமே பெட்டியைக் கட்டிக்கொண்டு பெருநகரங்களுக்குப் போய்விடும் நடுத்தர நகரம் ஒன்றில், அவர்களில் கொஞ்சம் பேரையாவது தங்கவைக்க முடியுமா என்று பார்ப்பதற்காக அமைக்கப்பட்ட கூட்டுக் குழுவில் ஆறு ஆண்டுகள் ஒருங்கிணைப்பாளராக இருந்தேன். நகர நிர்வாகமும் கல்லூரிகளும் தொழில்முனைவோர் சங்கமும் சேர்ந்து தொடங்கிய குழு அது. பெயர் பெரிதாக இருந்தது. அலுவலகம் என்று சொல்லிக்கொள்ள இரண்டு மேசைகளும் ஒரு தொலைபேசியும் இருந்தன. இதே பொறுப்பு வேறு ஊர்களில் வேறு யாருடைய கையிலாவது வந்து சேரும் என்பதால், எங்களுக்குப் பலித்ததையும் பலிக்காததையும் எழுதிவைக்கிறேன். பலிக்காததுதான் அதிகம்.

முதல் ஆண்டு நாங்கள் செய்தவை எல்லாம் பார்வைக்கு நன்றாகவே இருந்தன. நகரத்தின் சிறப்புகளைக் காட்டும் நான்கு நிமிட விளம்பரப் படம் ஒன்றை எடுத்தோம். பேருந்துகளின் பக்கவாட்டில் சுவரொட்டி ஒட்டினோம். பெரிய மண்டபம் ஒன்றை வாடகைக்குப் பிடித்து வேலைவாய்ப்பு முகாம் நடத்தினோம். வந்தவர்களின் தலையை எண்ணி அறிக்கையில் போட்டுக்கொண்டோம். அவர்களில் எத்தனை பேர் இறுதியாண்டு மாணவர்கள், எத்தனை பேர் வகுப்புக்கு மட்டம் போட ஒரு சாக்குக் கிடைத்ததே என்று வந்தவர்கள் என்று யாரும் கேட்கவில்லை. பிற்பகல் மூன்று மணிக்கே பாதி நிறுவனங்கள் கடையைக் கட்டிவிட்டன. மறுநாள் மண்டபத்தை ஒப்படைக்கப் போனபோது, குப்பைக்கூடைகளில் கிடந்த துண்டறிக்கைகளில் எங்கள் குழுவினுடையதே முதலிடம் பிடித்திருந்தது. ஊரை அறியாத பள்ளி மாணவரைப் படிக்க அழைத்துவர விளம்பரம் ஓரளவு உதவும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் நான்கு ஆண்டுகள் அந்த ஊரிலேயே இருந்துவிட்டவருக்கு அந்த ஊரைப் பற்றி நான்கு நிமிடப் படம் காட்டியதை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

என் எண்ணத்தை மாற்றியது இரண்டாம் ஆண்டில் நடந்த ஓர் உரையாடல். உள்ளூர் நிறுவனம் ஒன்றில் பணி நியமனக் கடிதம் கிடைத்தும் சேர மறுத்த இறுதியாண்டு மாணவி ஒருவரை, காரணம் தெரிந்துகொள்ளலாம் என்று கல்லூரி வேலைவாய்ப்பு அலுவலரின் அறையில் சந்தித்தேன். சம்பளம் போதவில்லை என்றோ, ஊரில் பொழுதுபோக்கு இல்லை என்றோ சொல்வார் என எதிர்பார்த்துப் போயிருந்தேன். அவர் கடிதத்தை மேசைமேல் வைத்து, அதை விரலால் நேராக்கிக்கொண்டே பேசினார். “வேலை பிடித்திருக்கிறது சார், சம்பளமும் பரவாயில்லை. ஆனால் இரண்டு வருஷம் கழித்து இந்த வேலை போய்விட்டால், அடுத்தது இந்த ஊரில் எங்கே?” நான் ஒரு நிறுவனத்தின் பெயரைச் சொன்னேன். யோசித்து இன்னொன்றைச் சொன்னேன். மூன்றாவது பெயர் வாயில் வரவில்லை. அவர் என்னைச் சங்கடப்படுத்த விரும்பாமல் சிரித்துவிட்டு, கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். அடுத்த வாரம் பெருநகரத்துக்குப் போய்விட்டார்.

அவர் கேட்டது பொருளியல் அறிஞர்கள் நெடுங்காலமாகப் பேசிவரும் விஷயம். ஒரு திறன் தேவைப்படும் முதலாளிகள் பலர் இருக்கும் இடத்தை அந்தத் திறன் உள்ளவர்கள் நாடிப் போவது இயல்பு என்று ஆல்ஃபிரட் மார்ஷல் 1890 இலேயே எழுதியிருக்கிறார். கணவன் மனைவி இருவருமே பட்டதாரிகளாக இருந்துவிட்டால் சிக்கல் இரட்டிப்பாகிறது: ஒரே ஊரில் இரண்டு பேருக்கும் தகுந்த வேலை வேண்டும். அமெரிக்காவில் இத்தகைய தம்பதியரில் பெருநகரப் பகுதிகளில் வாழ்ந்தவர்களின் பங்கு 1940 இல் 32 சதவீதமாக இருந்து 1990 இல் 50 சதவீதமாக உயர்ந்ததை டோரா கோஸ்டா, மேத்யூ கான் ஆகியோர் 2000 இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. எங்கள் குழுவில் யாருக்கும் இது உறைக்கவில்லை. நாங்கள் காலிப்பணியிடங்களை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தோம். மாணவர்களோ ஏணியில் அடுத்த படி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

உண்மையில் எங்கள் ஊரில் மூன்றாவது பெயரும் முப்பதாவது பெயரும் இருந்தன. அவை யார் கண்ணிலும் படாமல் சிதறிக் கிடந்தன. அதனால் அந்த ஆண்டு காலிப்பணியிடப் பட்டியல் கேட்பதை நிறுத்திவிட்டு, ஏறத்தாழ அறுபது நிறுவனங்களுக்கு நேரில் போய் ஒரே ஒரு கேள்வி கேட்டோம்: கடந்த ஐந்து ஆண்டுகளில் உங்களை விட்டு விலகியவர்களில் இந்தப் பகுதியிலேயே வேறு வேலைக்குப் போனவர்கள் யார் யார், எங்கே போனார்கள்? முதலில் கிடைத்தது வசவுதான். “என் ஆளை அடுத்தவர் கூப்பிட்டுக்கொண்டு போக நானே கதவைத் திறந்துவிட வேண்டுமா, சார்?” என்று ஓர் ஆலை உரிமையாளர் எழுந்தே நின்றுவிட்டார். அவரைப் பேசிச் சம்மதிக்க வைத்தது நாங்கள் அல்லர், அவருடைய கணக்காளர். அந்த ஆலையின் மிகச் சிறந்த பராமரிப்புப் பொறியாளரே பக்கத்து ஆலையிலிருந்து வந்தவர்தானே என்று அவர் தாழ்ந்த குரலில் நினைவூட்டியதும், உரிமையாளர் மறுபடி உட்கார்ந்து பெயர்களைச் சொல்லத் தொடங்கினார்.

பெயர்களை நீக்கிவிட்டுத் தடங்களை மட்டும் ஒரு பெரிய அட்டையில் வரைந்தோம். பொட்டலமிடும் இயந்திரங்களைத் தயாரிக்கும் ஒரு சிறு நிறுவனத்தில் தானியங்கிக் கட்டுப்பாட்டு நிரல் எழுதக் கற்றவர் பால் பதப்படுத்தும் ஆலைக்குப் போயிருந்தார். அங்கிருந்து ஒருவர் மருந்து ஆலைக்கு. மருந்து ஆலையின் தரக்கட்டுப்பாட்டிலிருந்து ஒருவர் மருத்துவமனை ஆய்வகத்துக்கு. ஆய்வகக் கருவிகளைப் பழுதுபார்க்கும் நிறுவனம் ஒன்றை இன்னொருவர் தானே தொடங்கியிருந்தார். துறையின் பெயரை வைத்துப் பார்த்தால் பாலுக்கும் மருந்துக்கும் தொடர்பில்லை. செய்யும் வேலையை வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். அடுத்த முகாமில் அந்த அட்டையை வாசலுக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டினோம். எந்த நிறுவனத்தின் மேசைக்கு முன்னும் நிற்காத கூட்டம் அதன் முன் நின்றது. ஒரு மாணவர் விரலால் ஒரு கோட்டைத் தொடர்ந்து போய், அது முடிந்த இடத்தில் இருந்த நிறுவனத்தின் பெயரைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டதைப் பார்த்தபோதுதான், இரண்டு ஆண்டுகளில் முதன்முறையாக உருப்படியாக ஒன்றைச் செய்திருக்கிறோம் என்று தோன்றியது. இந்த வேலைக்கு ஆன செலவு, அந்த விளம்பரப் படத்துக்கு ஆனதில் சிறு பகுதிகூட இல்லை. ஆனால் மூன்று மாதம் அலைய வேண்டியிருந்தது, அதற்கு ஆள் வேண்டும். இதைச் செய்ய நினைப்பவர்கள் மென்பொருள் வாங்குவதற்கு முன் அலைவதற்கு ஓர் ஆளை நியமித்துக்கொள்வது நல்லது.

அடுத்து இன்டர்ன்ஷிப், அதாவது படிக்கும்போதே ஒரு நிறுவனத்தில் பெறும் பணிப்பயிற்சி. இறுதியாண்டில் மாணவரைப் பிடிப்பது தாமதம் என்பதை நாங்கள் பட்டுத்தான் அறிந்தோம். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகம் 1957 இல் தொடங்கப்பட்ட நாள் முதல், படிப்புப் பருவமும் வேலைப் பருவமும் மாறி மாறி வரும் முறையை நடத்திவருகிறது. அங்கே மாணவர் பட்டம் பெறுவதற்குள் பல நிறுவனங்களின் உள்ளே இருந்து பார்த்துவிடுகிறார். எங்கள் கல்லூரிகளின் பாடத்திட்டத்தை அப்படி மாற்றும் அதிகாரம் எங்களிடம் இல்லை. எனவே இரண்டாம் ஆண்டு மாணவர்களை விடுமுறையில் உள்ளூர் நிறுவனங்களுக்கு அனுப்பினோம். முதல் தொகுதி பெரும் ஏமாற்றமாக முடிந்தது. ஒரு நிறுவனத்துக்கு நான் முன்னறிவிப்பின்றிப் போனபோது, நாங்கள் அனுப்பிய மாணவர் மூன்றாவது வாரமாக நகலெடுக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். யாரும் அவரை இழிவாக நடத்தவில்லை. அவருக்கு என்ன வேலை தருவது என்று யாருக்கும் தெரியவில்லை, அவ்வளவுதான். பெரிய நிறுவனத்தில் இதற்கென மனிதவளப் பிரிவு இருக்கும். இருபது பேர் வேலை செய்யும் இடத்தில் உரிமையாளரே எல்லாம் என்பதால், வந்த பையனுக்கு வேலை கண்டுபிடிப்பதே அவருக்கு இன்னொரு வேலை ஆகிவிடுகிறது.

அதற்கு நாங்கள் கண்ட மருந்து ஒரு பக்கத் தாள். மாணவரை அனுப்பும் முன் உரிமையாளரோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து, நெடுநாளாகச் செய்ய நினைத்தும் ஆளில்லாமல் தள்ளிப்போட்டுவரும் சிக்கல் எது என்று கேட்டு, அதை அந்தத் தாளில் எழுதுவோம். அதற்குக் கீழே, மாணவர் யாரிடம் கேள்வி கேட்கலாம் என்று ஒருவரின் பெயர். அதற்கும் கீழே, எந்த நாளில் முடிவை எல்லார் முன்னிலையிலும் சொல்ல வேண்டும் என்று ஒரு தேதி. கிடங்கில் தேங்கும் உதிரிப் பாகங்களைக் கணக்கெடுப்பது, மின்சாரச் செலவு எந்த இயந்திரத்தில் அதிகம் என்று அளப்பது, ஐந்து ஆண்டு வாடிக்கையாளர் புகார்களை வகைப்படுத்துவது, இப்படிப்பட்ட வேலைகள்தான் வந்தன. கேட்பதற்குச் சிறியவை. ஆனால் தான் அளந்து சொன்னதைக் கேட்டு ஓர் ஆலை தன் வேலை நேரத்தை மாற்றிக்கொண்டதைப் பார்த்த மாணவர், அந்த ஆலையை மறக்கமாட்டார். உதவித்தொகையில் பாதியை முதல் ஆண்டு மட்டும் குழு கொடுத்தது. அடுத்த ஆண்டிலிருந்து முழுவதையும் நிறுவனமே கொடுக்க வேண்டும் என்று தொடக்கத்திலேயே எழுதி வாங்கிக்கொண்டோம். பாதிக் காசைக்கூடப் போடாத நிறுவனம் மாணவருக்கு நேரமும் தராது என்பது என் அனுபவம்.

இவை எல்லாம் சரியாக நடந்தும் மாணவர்கள் போய்க்கொண்டிருந்தார்கள். ஏன் என்று எங்களுக்கு விளங்கவே இல்லை. உள்ளூர் நிறுவனத்தில் சேர ஒப்புக்கொண்டு கையெழுத்தும் போட்டவர்கள், சேரும் நாளில் வரவில்லை. காரணத்தைக் கண்டுபிடித்தவர் எங்கள் கணக்கை எழுதிவந்த பகுதிநேர ஊழியர். அவருடைய தம்பி அப்போது ஒரு கல்லூரி விடுதியில் இருந்தார். கடைசித் தேர்வு எழுதிய மூன்றாம் நாள் அறையைக் காலி செய்துவிட வேண்டும் என்பது விடுதி விதி. பணியில் சேரும் தேதியோ பட்டச் சான்றிதழ் வந்த பிறகு, இரண்டு மூன்று மாதம் கழித்து. சம்பளம் வராத அந்த இடைவெளியில் வெளியே அறை எடுக்க முன்பணம் வேண்டும், உறுதி சொல்ல ஆள் வேண்டும், தனியாக இருக்கும் இளைஞருக்கு வீடு தர உரிமையாளர் முன்வர வேண்டும். எல்லா வசதியும் இருந்தவர் தவிர மற்றவர்கள் வேறு வழியில்லாமல் பெற்றோர் வீட்டுக்கோ, பெருநகரத்தில் அறை வைத்திருக்கும் நண்பரிடமோ போனார்கள். நண்பரின் அறையில் தரையில் படுத்துக்கொண்டு நாள் முழுவதும் சும்மா இருக்க முடியாமல் நாலு இடத்துக்கு விண்ணப்பம் போட்டார்கள். அதில் ஒன்று கிடைத்துவிட்டது. ஊரை வேண்டாம் என்று அவர்கள் முடிவெடுக்கவே இல்லை.

நான் ஒரு நாள் விடுதி காலியாகும்போது போய்ப் பார்த்தேன். தாழ்வாரம் நெடுக மெத்தைகள் சுருட்டப்பட்டு, வாளிகளுக்குள் புத்தகங்கள் அடுக்கப்பட்டு, ஒவ்வொரு கதவின் மேலும் வார்டன் சுண்ணக்கட்டியால் ஒரு குறி போட்டுக்கொண்டே வந்தார்; குறி விழுந்த அறை ஒப்படைக்கப்பட்டுவிட்டது என்று பொருள். இரண்டு மாதத்தில் எங்கள் ஊரிலேயே வேலையில் சேர வேண்டிய ஒருவர், மிதிவண்டியை என்ன செய்வது என்று தெரியாமல் அதன் மேல் கை வைத்துக்கொண்டு நின்றார். கடைசியில் அதைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டுப் போனார். அவரும் திரும்பவில்லை.

அதன் பிறகு நாங்கள் செய்ததெல்லாம் அந்த இடைவெளியை அடைப்பதுதான். கோடை விடுமுறையில் எப்படியும் பாதிக்கு மேல் காலியாகக் கிடக்கும் விடுதிகளில் ஒன்றை, உள்ளூர் நியமனக் கடிதம் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் 90 நாள் குறைந்த வாடகைக்குத் திறந்துவிடக் கல்லூரியைச் சம்மதிக்க வைத்தோம். தற்காலிகச் சான்றிதழின் பேரில் பணியில் சேர்த்துக்கொள்ளும்படி நிறுவனங்களைக் கேட்டோம். பலர் உடனே ஒப்புக்கொண்டார்கள், ஏனென்றால் அதுவரை யாரும் அவர்களை அப்படிக் கேட்டதில்லை. வீட்டு முன்பணத்தை நிறுவனம் கட்டிவிட்டு மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளும் ஏற்பாட்டை மூன்று நிறுவனங்கள் தாமாகவே தொடங்கின. நாங்கள் ஆறு ஆண்டுகளில் எடுத்த நடவடிக்கைகளில் எதையாவது ஒன்றை மட்டும் வேறு ஊருக்கு எடுத்துப்போகலாம் என்றால் இதைத்தான் சொல்வேன்: கடைசித் தேர்வு நாளையும் முதல் சம்பள நாளையும் நாட்காட்டியில் குறித்து, இரண்டுக்கும் நடுவில் அந்த இளைஞர் எங்கே தூங்குவார் என்று கேளுங்கள்.

பணம் கொடுத்தால் நின்றுவிடுவார்களா என்ற கேள்வி ஒவ்வொரு கூட்டத்திலும் எழும். பல நாடுகள் அதை முயன்று பார்த்திருக்கின்றன. கனடாவின் சஸ்காட்சுவான் மாகாணம், பட்டம் பெற்று அங்கேயே தங்குபவர்களுக்குக் கல்விக் கட்டணத்தில் 20,000 டாலர் வரை ஏழு ஆண்டுகளில் வரிச்சலுகையாகத் திருப்பித் தரும் திட்டத்தை 2008 முதல் நடத்திவந்தது. அதே நாட்டின் நோவா ஸ்கோஷியா மாகாணம் இதைப் போன்றதொரு திட்டத்தைச் சில ஆண்டுகள் நடத்திப் பார்த்துவிட்டு, இளைஞர்களை நிறுத்திவைக்க அது உதவவில்லை என்று சொல்லி 2014 இல் கைவிட்டது. நார்வே, தன் வட கோடியில் உள்ள ஃபின்மார்க்கிலும் அதை ஒட்டிய வடக்கு ட்ரோம்ஸ் பகுதியிலும் குடியிருந்து வேலை செய்பவர்களுக்கு, 1990 இலிருந்து கல்விக் கடனில் ஒரு பகுதியை ஆண்டுதோறும் ஓர் உச்சவரம்புக்கு உட்பட்டுத் தள்ளுபடி செய்துவருகிறது. ஓராண்டு அங்கே இருந்து காட்டிய பிறகுதான் அந்த ஆண்டின் தள்ளுபடி கிடைக்கும் என்பது அதிலுள்ள நல்ல அம்சம். சீனாவின் ஊஹான் நகரம் ஐந்து ஆண்டுகளில் 10 லட்சம் பட்டதாரிகளைத் தக்கவைக்கும் இலக்கை 2017 இல் அறிவித்து, அவர்களுக்குச் சந்தை விலையைவிட 20 சதவீதம் குறைவாக வீடு தருவதாகச் சொன்னது. உடனே மற்ற நகரங்களும் தங்கள் தங்கள் சலுகைகளோடு போட்டிக்கு வந்துவிட்டன. எல்லாரும் ஒரே சலுகையைக் கொடுக்கும்போது அது யாருக்கும் சாதகமாக இருக்காது.

எங்கள் அளவில் நாங்களும் ஒரு சிறு ஊக்கத்தொகை கொடுத்தோம். ஆண்டு முடிவில் பெற்றவர்களின் பட்டியலைப் பார்த்தால், முக்கால்வாசிப் பேர் அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்து, பெற்றோர் வீட்டிலிருந்தே வேலைக்குப் போய்வருபவர்கள். அவர்கள் எப்படியும் இருந்திருப்பார்கள். கொடுத்ததில் தவறில்லை, ஆனால் அதைத் தக்கவைத்ததாகக் கணக்குக் காட்டியதுதான் தவறு. மறு ஆண்டு அந்தத் தொகையை விடுதி ஏற்பாட்டுக்கு மாற்றிவிட்டோம்.

உள்ளூர்ப் பிள்ளைகளைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். தங்கவைப்பது என்றால் வெளியூர் மாணவரை நிறுத்துவது என்றே நாங்கள் முதலில் நினைத்திருந்தோம். மருத்துவத் துறையில் இதற்கு நேர்மாறான பாதையில் போய் வெற்றி கண்டிருக்கிறார்கள். ஊரகங்களில் மருத்துவர்கள் தங்க வேண்டுமானால் ஊரகப் பின்னணி உள்ள மாணவர்களைச் சேர்க்க வேண்டும், கல்லூரிகளையும் பெருநகரங்களுக்கு வெளியே அமைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2010 இல் பரிந்துரைத்தது. ஜப்பானின் ஜிச்சி மருத்துவப் பல்கலைக்கழகம் 1972 முதல் ஒவ்வொரு மாகாணத்திலிருந்தும் மாணவர்களைச் சேர்த்து, படித்து முடித்தபின் தத்தம் மாகாணத்தில் பொதுவாக ஒன்பது ஆண்டுகள் பணியாற்றினால் கல்விச் செலவைத் திருப்பிக் கட்ட வேண்டாம் என்று விட்டுவிடுகிறது. யாரைச் சேர்க்கிறோம் என்பதிலேயே யார் தங்குவார்கள் என்பது பாதி முடிவாகிவிடுகிறது. இதைக் கல்லூரிகளின் சேர்க்கைப் பிரிவுகளிடம் எடுத்துச் சொன்னபோது அவர்களுக்கு உவப்பாக இல்லை; தொலைவிலிருந்து மாணவர்கள் வருவதுதான் கல்லூரியின் பெருமை என்று அவர்கள் கருதினார்கள். அந்த வாதத்தில் நான் தோற்றேன்.

விதி எழுதுபவர்கள் சொற்களில் கவனமாக இருக்க வேண்டும் என்பதற்குத் தென்கொரியா நல்ல எடுத்துக்காட்டு. தலைநகரிலிருந்து மாகாணங்களுக்கு இடம் மாற்றப்பட்ட பொதுத்துறை நிறுவனங்கள், அந்தந்தப் பகுதியினரை வேலைக்கு எடுக்க வேண்டிய பங்கு 2018 இல் 18 சதவீதமாகத் தொடங்கி 2022 இல் 30 சதவீதமாக உயர்த்தப்பட்டது. ஆனால் பகுதியைச் சேர்ந்தவர் என்றால் அந்தப் பகுதியின் கல்வி நிறுவனத்தில் கடைசியாகப் படித்து முடித்தவர் என்று பொருள். அங்கேயே பிறந்து வளர்ந்து, கல்லூரிக்கு மட்டும் தலைநகர் சியோலுக்குப் போனவர் ஊர் திரும்ப நினைத்தால் அவருக்கு இந்த ஒதுக்கீடு இல்லை. அமெரிக்காவின் மெய்ன் மாநிலம் 2008 இல் தொடங்கிய கல்விக் கடன் வரிச்சலுகையும் முதலில் அந்த மாநிலத்திலேயே படித்தவர்களுக்கு மட்டும் என்றிருந்து, பின்னர்தான் வெளியே படித்துவிட்டு வருபவர்களுக்கும் திறந்துவிடப்பட்டது. எங்கள் ஊக்கத்தொகை விதியிலும் இதே ஓட்டை இருந்தது. வெளியே படித்துவிட்டுத் திரும்ப விரும்பிய ஒருவருக்கு, அவர் எங்கள் கல்லூரிகளின் பட்டதாரி இல்லை என்று நானே கையெழுத்திட்டு மறுப்புக் கடிதம் அனுப்பியிருக்கிறேன்.

திரும்பி வருபவர்களை நாங்கள் மிகத் தாமதமாகத்தான் கவனித்தோம். ஜெர்மனியின் கிழக்குப் பகுதியில் பல மாவட்டங்கள், வெளியூரில் வேலை செய்பவர்கள் கிறிஸ்துமஸுக்கு வீடு வரும் நாட்களைப் பார்த்து, டிசம்பர் 27 ஐ ஒட்டித் திரும்புவோருக்கான வேலை முகாம்களை நடத்துகின்றன. ஆட்கள் ஏற்கெனவே ஊரில் இருக்கும் நாளில், பெற்றோர் பக்கத்தில் இருக்கும்போது நடத்துவது எவ்வளவு சிக்கனமான யோசனை! அதைப் பார்த்து நாங்களும், போனவர்களின் முகவரிப் பட்டியலை ஒழுங்காக வைத்து, ஆண்டுக்கு ஒரே ஒரு கடிதம் மட்டும் அனுப்பத் தொடங்கினோம். போய் மூன்று ஆண்டுகூட ஆகாதவர்களிடமிருந்து பதிலே வரவில்லை. போய் ஐந்து ஆறு ஆண்டு ஆனவர்கள், குழந்தை பிறந்தவர்கள், பெற்றோருக்கு உடம்பு முடியாதவர்கள் பதில் எழுதினார்கள். ஏறக்குறைய எல்லாரும் கேட்டது ஒன்றுதான்: எனக்கு வேலை இருக்கலாம், என் துணைக்கு என்ன வேலை? அதனால் நேர்காணலுக்கு ஒருவரை அழைக்கும்போதே, துணையின் தகுதி விவரத்தையும் வாங்கி மற்ற நிறுவனங்களுக்கு அனுப்பும் வழக்கத்தைக் கொண்டுவந்தோம். அந்தச் சுவர் அட்டை இங்கே இரண்டாவது முறையாகப் பயன்பட்டது.

கணக்கெடுப்பைப் பற்றியும் ஒரு சொல். பட்டமளிப்பு விழாவில் எங்கே வேலை என்று கேட்டு வாங்கும் படிவத்தை நம்பக் கூடாது. அன்று உள்ளூர் என்று எழுதுபவர் ஆறு மாதத்தில் போய்விடுவார், வெளியூர் என்று எழுதுபவர் திரும்பி வருவதும் உண்டு. நாங்கள் பட்டம் பெற்று 18 மாதம் கழித்துக் கேட்கத் தொடங்கினோம். அப்போதும் பதில் எழுதியவர்களை மட்டும் வைத்துச் சதவீதம் போட்டால் ஏமாந்துபோவோம், ஏனென்றால் ஊரிலேயே இருப்பவர்தான் நம் கடிதத்துக்கு உடனே பதில் எழுதுவார். பதில் வராதவர்களில் குலுக்கல் முறையில் சிலரைத் தேர்ந்து தொலைபேசியில் தேடிப்பிடித்துக் கேட்ட பிறகுதான் எங்கள் பெருமை பாதியாகக் குறைந்தது. உள்ளூரில் பிறந்தவர்களையும் வெளியூரிலிருந்து வந்தவர்களையும் தனித்தனியே எண்ண வேண்டும் என்பதையும் அப்போதுதான் கற்றோம். இந்தப் புதிய எண்களைக் கூட்டத்தில் வைத்தபோது நிர்வாகத் தரப்பு உறுப்பினர் ஒருவர், பழைய எண்களே நன்றாக இருந்தனவே என்றார். நகைச்சுவையாகச் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை.

ஆறாம் ஆண்டு முடிவில் பொறுப்பை ஒப்படைத்தபோது, எனக்குப் பின் வந்தவர் எந்தக் கோப்பை முதலில் பார்க்க வேண்டும் என்று கேட்டார். கோப்பு எதையும் எடுக்காமல் அவரை அந்த அட்டையின் முன் கொண்டுபோய் நிறுத்தினேன். இடையில் இரண்டு முறை புதுப்பித்திருந்தும் அது மறுபடி பழையதாகிவிட்டிருந்தது. பால் ஆலை கைமாறியிருந்தது, கருவி பழுதுபார்க்கும் நிறுவனம் மூன்று மடங்கு பெரிதாகியிருந்தது, நான்கு கோடுகள் இப்போது இல்லாத நிறுவனங்களில் போய் முடிந்தன. அவர் ஒரு பென்சிலை எடுத்து, தனக்குச் சந்தேகமான இடங்களில் எல்லாம் கேள்விக்குறி போட்டுக்கொண்டே வந்தார். பிறகு தொலைபேசியைத் தன் பக்கம் இழுத்துவைத்துக்கொண்டு, பட்டியலின் முதல் எண் எது என்று கேட்டார்.